அறிக்கையில் வராத எதிர்ப்பு

நுரையீரல் புற்றுக்கு ஈஜிஎஃப்ஆர் மருந்தான ஓசிமெர்டினிப் எடுத்துவந்தவருக்கு நோய் மறுபடி தலைதூக்குகிறது. ரத்தமும் திசுவும் பரிசோதனைக்குப் போகின்றன. சி797எஸ் இல்லை, மெட் பெருக்கம் இல்லை, சிறுசெல் புற்றாக உருமாறவும் இல்லை என்று அறிக்கை வருகிறது. அடுத்து பிளாட்டினம் கீமோதெரபி. சிகிச்சையில் தவறில்லை. ஆனால் நோயாளியின் கோப்பில் "காரணம் தெரியவில்லை" என்று எழுதுவதுதான் உறுத்துகிறது. மரபணுவில் தெரியவில்லை என்பதே சரி. செல்லின் மேற்பரப்பில் எந்தப் புரதம் வெட்டுப்பட்டது, எது வெட்டுப்படாமல் நிற்கிறது என்பதை எந்த மரபணு அறிக்கையும் சொல்லாது.

இப்படிப் புரதங்களை வெட்டும் நொதிகளில் அதிகம் பேசப்படுவது ஆடம்17. டிஎன்எஃப்-ஆல்ஃபாவைச் சவ்விலிருந்து விடுவிக்கும் நொதியாக 1997இல் அடையாளம் காணப்பட்டது; துத்தநாக அயனி இல்லாமல் இயங்காத மெட்டலோபுரோட்டியேஸ். வளர்ச்சிக் காரணிகள் பலவும் முதலில் சவ்வோடு ஒட்டியபடிதான் உருவாகின்றன. இந்த நொதி வெட்டிவிட்ட பிறகே அவை அக்கம்பக்கத்து ஏற்பிகளைத் தேடிப் போகும். ஆம்ஃபிரெகுலினும் டிஜிஎஃப்-ஆல்ஃபாவும் அப்படி வெளிவருபவை. ஆனால் அவை போய்ச் சேரும் ஈஜிஎஃப்ஆரை மருந்து ஏற்கெனவே முடக்கி வைத்திருப்பதால், அவற்றால் பெரிதாக ஒன்றும் ஆகப்போவதில்லை. சிக்கல் இதே நொதி வெட்டிவிடும் ஹெரெகுலினிடம் இருக்கிறது. அது ஹெர்3-இல் போய் இணைகிறது. ஹெர்3-க்குச் சொந்தக் கைனேஸ் வலு மிகக் குறைவு. ஹெர்2-ஐத் துணை சேர்த்துக்கொண்டு பிஐ3கே–ஏகேடி பாதையை முடுக்கிவிடுகிறது. ஈஜிஎஃப்ஆர் முழுதாக அடங்கியிருக்கும்போதே செல் பிழைத்துக்கொள்கிறது. ஒரு மரபணு எழுத்துகூட மாறவில்லை.

இது வெறும் ஊகமன்று. 2006இல் 'கேன்சர் செல்' இதழில் வந்த ஆய்வு, முந்தைய ஈஜிஎஃப்ஆர் மருந்தான ஜெஃபிடினிபுக்கு அடங்காத நுரையீரல் புற்று செல்களில் இந்த ஹெரெகுலின்–ஹெர்3 சுழற்சியைக் காட்டியது. ஆடம் நொதிகளைத் தடுக்கும் ஐஎன்சிபி3619 என்ற மூலக்கூறு, அடங்காதிருந்த ஹெர்3 சமிக்ஞையை அடக்கியதோடு ஜெஃபிடினிபின் வேலையையும் கூட்டியது. படிப்பவர் எவருக்கும் தோன்றுவது ஒன்றுதான்: நொதியை முடக்கும் மருந்தையும் சேர்த்துக் கொடுத்துவிடலாமே?

அவசரப்பட வேண்டாம். மூத்த மருத்துவர்களுக்கு மேரிமாஸ்டாட் என்ற பெயர் நினைவிருக்கும். மேட்ரிக்ஸ் மெட்டலோபுரோட்டியேஸ்களைத் தடுத்தால் புற்று பரவாது என்ற நம்பிக்கையில் அது சிறுசெல் புற்றிலும், பிரினோமாஸ்டாட் சிறுசெல் அல்லாத புற்றிலும் பெரிய சோதனைகளுக்குப் போயின. ஆயுள் கூடவில்லை, மூட்டுவலியும் தசைவலியும்தான் மிஞ்சின. பிஎம்எஸ்-275291 என்ற மூன்றாவது மருந்தும் கீமோவோடு சேர்ந்தபோது நச்சுவிளைவைக் கூட்டியதே தவிர நன்மை தரவில்லை. உடலுக்கு வேண்டிய நொதி எது, புற்றுக்கு வேண்டியது எது என்று பிரித்தறியாமல் எல்லாவற்றின் மீதும் கைவைத்ததன் விலை அது.

அதைவிட முக்கியமான எச்சரிக்கை 2016இல் 'கேன்சர் டிஸ்கவரி' இதழில் வந்தது. அது மெலனோமா, மார்பகப் புற்று தொடர்பான வேலை. நுரையீரலுக்கு அப்படியே பொருத்திவிடக் கூடாது. ஆனாலும் நாம் படித்தே ஆகவேண்டும். ஆடம்10, ஆடம்17 இரண்டும் வளர்ச்சிக் காரணிகளை மட்டுமல்ல, ஆக்ஸெல், மெட் போன்ற ஏற்பிகளையும் வெட்டி உதிர்க்கின்றன. இப்படி உதிர்வது செல்லுக்கு ஒரு கடிவாளம். மெக் தடுப்பு மருந்து கொடுத்ததும் வெட்டுவது குறைகிறது, ஆக்ஸெல் மேற்பரப்பிலேயே குவிகிறது, அதன் வழியாகவே எதிர்ப்பு கிளம்புகிறது. சிகிச்சைக்குப் பின் பிளாஸ்மாவில் இந்த உதிர்வு எவ்வளவுக்குக் குறைந்ததோ அவ்வளவுக்கு மெலனோமா நோயாளிகளில் நோய் விரைவில் முற்றியது. ஈஜிஎஃப்ஆர் மருந்துகளை எதிர்க்கும் நுரையீரல் புற்றிலும் ஆக்ஸெல்லுக்குப் பங்குண்டு என்பது 2012 முதல் நாமறிந்தது. ஆக, ஒரே நொதி ஹெரெகுலினை வெட்டினால் எதிர்ப்பு. ஆக்ஸெல்லை வெட்டாவிட்டாலும் எதிர்ப்பு. இந்த நிலையில் ஆடம்17 தடுப்பானை எல்லோருக்கும் சேர்த்துக் கொடுக்கும் சோதனைக்கு இவ்விதழ் ஆதரவு தராது. யாருக்கு எது வெட்டுப்படுகிறது என்று அளந்த பிறகுதான் அந்தப் பேச்சு.

 

அளப்பதற்குப் புதுக் கருவி எதுவும் வேண்டியதில்லை. கரைந்த ஆக்ஸெல், கரைந்த மெட், ஹெரெகுலின் எல்லாமே எலைசாவுக்குள் அடங்குபவை. குறை மாதிரியில்தான். சிகிச்சை தொடங்கும் முன் எடுத்த பிளாஸ்மா இல்லாமல், நோய் முற்றியபின் எடுத்ததை எதனோடு ஒப்பிடுவது? முதல் மாத்திரைக்கு முன் ஒன்று, சிகிச்சை தொடங்கிய சில வாரங்களில் ஒன்று, நோய் முற்றும்போது ஒன்று என மூன்று முறையாவது சேமிக்க வேண்டும். சீரம் வேண்டாம், ரத்தம் உறையும்போது தட்டணுக்கள் வளர்ச்சிக் காரணிகளைக் கொட்டிவிடும். ஊதா மூடி ஈடிடிஏ குழாயே நல்லது. அது உறைவதைத் தடுப்பதோடு துத்தநாகத்தையும் பிடித்துக்கொள்வதால், குழாய்க்குள் இந்த நொதிகள் தொடர்ந்து வெட்டிக்கொண்டிருக்க வழியில்லை. தாமதிக்காமல் சுழற்றிப் பிரித்து, சிறு பங்குகளாக மைனஸ் 80 டிகிரியில் வைக்கவும். கடைசி மாத்திரை எடுத்த நாளையும் நேரத்தையும் சீட்டில் குறிக்க மறக்க வேண்டாம். ஓசிமெர்டினிபின் அரை ஆயுட்காலம் ஏறக்குறைய 48 மணி நேரம். மருந்தை நிறுத்திச் சில நாள் கழித்து எடுத்த ரத்தத்திலும் அது இருக்கும். உதிர்வின் அளவு அதையும் பொறுத்தே அமையும்.