மூச்சிரைப்பும் முன்வினையும்

காலேஜில் படிக்கும் பிள்ளையொருவன் பந்தயம் ஓடி முடித்த ஐந்து பத்து நிமிஷத்திற்குள் நெஞ்சு இறுகி, இருமி, இழுக்கத் தொடங்கினால் நம்மவர்கள் மூன்று காரணம் சொல்லுவார்கள். பயிற்சி ஆசிரியர் சோம்பல் என்பார். பாட்டி கண்ணேறு என்பாள். புரோகிதர் பூர்வஜென்ம வினை என்பார். உண்மையான காரணத்தை மாத்திரம் எவரும் தேடுவதில்லை.

வேகமாய் ஓடுகின்றவன் வாயால் ஏராளமான காற்றை இழுக்கின்றான். மூக்கில் நனைந்து சூடேறாத அக்காற்று சுவாசக் குழாய்களின் ஈரத்தை வற்றச் செய்கின்றது. அதனால் சில இரசாயனப் பொருள்கள் வெளிப்பட்டு, குழாயைச் சுற்றிய தசை சுருங்கிவிடுகின்றது. பெரும்பாலும் ஒரு மணி நேரத்திற்குள் அது தானே தளர்ந்துவிடும். அந்நேரத்தில் கட்டிய தாயத்துக்குத்தான் பேர்! ஐதராபாத்தில் ஜூன் மாதந்தோறும் ஆயிரக்கணக்கான ஆஸ்த்மாக்காரர்கள் மருந்துருண்டை வைத்த உயிர்மீனை விழுங்குவதும் இந்த நம்பிக்கையினால்தான். அதனால் நோய் தீர்ந்ததற்கு ருஜு ஏதும் இல்லை.

நிற்க, அமெரிக்காவில் ஏழைக் கறுப்பினக் குடும்பத்தில் பிறந்த ஜாக்கி ஜாய்னர்-கெர்சி என்னும் பெண்மணிக்கு, லாஸ் ஏஞ்சலிஸ் கலிபோர்னியா சர்வகலாசாலையில் படிக்கும்போதே இந்நோய் கண்டறியப்பட்டது. அவரும் வெட்கப்பட்டு மறைத்தார். மருந்தை அலட்சியம் செய்து அவதிப்பட்டார். ஆனாலும் இந்நோயுள்ள அவர்தான் 1988ல் சியோல் ஒலிம்பிக்கில் ஏழு போட்டிகள் சேர்ந்த பந்தயத்தில் 7,291 புள்ளிகள் பெற்றார். இன்றுவரை அதை ஒருவரும் தாண்டவில்லை. எனவே இந்நோய் ஓட்டத்துக்குத் தடையல்ல. அதை மறைப்பதே ஆபத்து.

செய்யவேண்டியது என்ன? முதலில் வைத்தியரிடம் போய், ஓடுமுன்னும் ஓடிய பின்னும் ஊதிக்காட்டி மூச்சின் அளவை எடுக்கவேண்டும். முதல் வினாடியில் வெளிவரும் காற்று 100க்கு 10 பங்கோ அதற்கு மேலோ குறைந்தால் இந்நோய் என்று அறியலாம். தொண்டைக் கோளாறும் இருதயக் கோளாறும் இதுபோலவே தோன்றுமாதலால், ஊகித்து மருந்துண்பது தவறு. பிறகு, ஓடுமுன் 10, 15 நிமிஷம் உடலைச் சூடாக்கிக்கொள்வதும், வைத்தியர் சொன்னபடி சுமார் கால்மணி நேரம் முன்பு சல்பூட்டமால் மருந்தை உறிஞ்சிக்கொள்வதும் போதுமானது. அது தினந்தோறும் தேவைப்பட்டால், அழற்சியைத் தணிக்கும் வேறு மருந்தும் வேண்டுமா என்று வைத்தியரைக் கேட்கவேண்டும். இழுப்பு வந்தால் ஓட்டத்தை நிறுத்தி மருந்தை உறிஞ்சவேண்டும்; அப்போதும் தணியாவிட்டால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். தாமதித்தால் உயிரே போகலாம்.

ஆயுத பூஜையன்று பந்துக்கும் மட்டைக்கும் சந்தனம் பூசித் தேங்காய் உடைக்கப் பணமுள்ள காலேஜுகளுக்கு, மைதானத்தில் ஓர் உறிஞ்சுமருந்து வாங்கி வைக்கப் பணமில்லையா? மூச்சுத் திணறும் பிள்ளையைச் சோம்பேறி என்று ஏசுகின்றவர், ஒருநாள் அவன் விழுந்து மாண்டால் விதி என்று சொல்லித் தப்பித்துக்கொள்வார். தோழர்களே, அந்தத் தப்பித்தலுக்கு நாம் இடம் கொடுக்கலாமா?