போமட் அடிக்க முதல் ஒரு கேள்வி



கொஞ்சம் நீண்ட பதிவு. வீட்டில் பழைய லெப்டொப்போ கொம்பியூட்டரோ இருக்கிறவர்கள் கடைசி வரைக்கும் வாசிங்க.

போன கிழமை அஸருக்குப் பிறகு, என்னிடம் படிக்கிற பிள்ளையின் உம்மா ஒருவர், அடுத்த ஒழுங்கை ராத்தா, ஷொப்பிங் பேக் ஒன்றில் லெப்டொப்பைச் சுற்றிக் கொண்டு வந்தா. “சேர், இது எழும்ப இருபது நிமிஷம் எடுக்குது. ஓன் பண்ணிப் போட்டு சோறாக்கி முடிச்சிட்டு வந்தாலும் சுத்திக்கிட்டே இரிக்கி. கடையில காட்டினன். போமட் அடிச்சா சரி என்டு சொல்றாங்க. குடுக்கட்டா?”

“குடுக்க வேணாம்” என்று நான் சொன்ன வேகத்தில் ராத்தா பயந்துட்டா. அந்த வேகத்துக்கு ஒரு பழைய கதை இருக்கு. வெட்கம்தான், ஆனாலும் சொல்றன்.

எங்கள் ஊர் கடலோர ஊர். 2004 டிசம்பர் 26இல் கரையோர வீடுகளோடு அல்பங்களும் போய்விட்டன. கல்யாணப் படம், ஸ்கூல் குறூப் போட்டோ, மௌத்தானவர்களின் ஒரே ஒரு அடையாள அட்டைப் படம் எல்லாம் போச்சு. பாடசாலை ஆண்டு மலர் ஒன்றுக்காக, வயல் பக்கத்து வீடுகளில் தப்பிக் கிடந்த பழைய படங்களை நாங்கள் இரண்டு ஆசிரியர்கள் வீடு வீடாகப் போய் இரவல் வாங்கினோம். ஸ்கேன் பண்ணி, படங்களைத் திருப்பிக் கொடுத்தோம். இரண்டு லீவுக் காலம் எடுத்தது. 640 படங்களுக்குக் கிட்ட. ஓலைக் கூரையோடு இருந்த பழைய பள்ளிக்கூடம், சைக்கிளோடு நிற்கிற அந்தக் காலத்து ஹெட்மாஸ்டர், இப்ப இல்லாத கடற்கரை வீதி.

எல்லாம் ஒபிஸ் கொம்பியூட்டரில் இருந்தது. அந்த மெஷின் எழும்ப முதலில் மூன்று நிமிஷம் எடுத்தது. பிறகு ஐந்து. பிறகு பத்து. இடைக்கிடை ‘டக்’ என்று ஒரு சத்தம். “வைரஸ் போல, போமட் அடிங்க தம்பி” என்று கடைப் பொடியனிடம் சொன்னது வேற யாருமில்லை, நான்தான். “சேர், உள்ளுக்கு ஏதும் இரிக்கா?” என்று அவன் கேட்டான். படங்கள் டி டிரைவில் இருக்கு, சி மட்டும் போனால் போதும் என்று நினைத்தேன். படங்கள் இருந்தது டெஸ்க்டொப்பில். டெஸ்க்டொப் என்பது சி டிரைவுக்குள் இருக்கிற ஒரு போல்டர். ஐ.சி.டி. படிப்பிக்கிற எனக்கு அது தெரியும். அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை.

விண்டோஸ் போடும்போதே பாதியில் மூன்று தரம் நின்றது. பிறகுதான் ஹார்ட் டிஸ்க் பழுது என்று தெரிந்தது. கொழும்பில் டேட்டா எடுத்துக் கொடுக்கிற ஓர் இடத்துக்கு அனுப்பினோம். 41 படங்கள் திரும்பி வந்தன. அதிலும் பலதில் மேல் பாதி முகம், கீழ் பாதி வெறும் சாம்பல் நிறம்.

படங்கள் தந்த வீடுகளுக்குத் திரும்பப் போனோம். சில படங்களை அதற்கிடையில் கறையான் தின்றிருந்தது. சில வீட்டில் தந்தவரே இல்லை.

இதனால்தான் ‘போமட் அடிச்சா சரி’ என்ற வார்த்தையைக் கேட்டால் எனக்குக் கோபம் வருது. இது எங்கள் ஊரின் பொது மருந்து ஆகிவிட்டது. போன் ஸ்லோவா, போமட். லெப்டொப் ஸ்லோவா, போமட். வருத்தம் என்ன என்று பார்க்காமல் எல்லாருக்கும் ஒரே பெனடோல்.

ஒரு கொம்பியூட்டர் எழும்பப் பிந்துவதற்குப் பல காரணம் இருக்கு. ரேம் 2 ஜி.பி., 4 ஜி.பி. மட்டும் இருக்கலாம். ஓன் பண்ணினதும் தானாகத் திறக்கிற புரோகிராம்கள் கூடியிருக்கலாம்.  இவையெல்லாம் வருஷக்கணக்கில் ஒரே மாதிரி ஸ்லோவாக இருக்கும். ஆனால் நேற்று நாலு நிமிஷம், இன்றைக்கு எட்டு, ஒரு போல்டரைத் திறந்தால் மட்டும் எல்லாம் உறையுது என்று இருந்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது ஹார்ட் டிஸ்கை.

பரீட்சைத் தாள் திருத்துகிற ஆசிரியர்களுக்கு இது சுகமாக விளங்கும். நூறு தாள் மளமளவென்று போகும். நடுவில் ஒரு தாளில் மை கரைந்திருக்கும். அதை வெளிச்சத்தில் பிடித்து, சரித்து, கண்ணாடியைக் கழற்றி, திரும்பத் திரும்ப வாசிப்போம். மற்றத் தாள்கள் எல்லாம் காத்துக் கிடக்கும். பழுதான டிஸ்க் அதைத்தான் செய்யுது. வாசிக்க முடியாத இடம் வந்தால் விடாது, திரும்பத் திரும்ப முயற்சி பண்ணும். விண்டோஸ் பாவம், வாசலில் நின்று காத்திருக்கும். ஓன் ஆகிற நேரத்தில்தான் ஆயிரக்கணக்கான சின்னப் பைல்களை ஒரேயடியாக வாசிக்க வேண்டி இருக்கு. அதனால் வருத்தம் முதலில் தெரிவதும் அங்கேதான்.

சரி, போமட் அடித்த பிறகு பல மெஷின் நல்லாத்தானே வேலை செய்யுது என்று கேட்பீங்க. உண்மை. அந்த உண்மைதான் எங்களை ஏமாற்றுது. வாசிக்க முடியாத இடத்தில் புதிதாக ஒன்றை எழுத வரும்போது, டிஸ்க் அந்த இடத்தை ஒதுக்கிவிட்டு, தன்னிடம் மிச்சமாக வைத்திருக்கிற இடத்தில் எழுதிக்கொள்ளும். புது விண்டோஸும் பாரம் குறைவு. ஆகவே சில கிழமைக்கு, சிலவேளை சில மாதத்துக்கு, மெஷின் பறக்கும். கடைக்கு நல்ல பேர். எங்களுக்கும் சந்தோஷம். வருத்தம் உள்ளே அப்படியே. நாங்கள் அதற்குள் புதிய படங்களை வேறு சேர்க்கத் தொடங்கிவிடுவோம்.

2007இல் கூகுள் பொறியியலாளர்கள் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட ஹார்ட் டிஸ்குகளைக் கவனித்து ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். டிஸ்கின் மேற்பரப்பைச் சோதிக்கும்போது முதல் பிழை தெரிந்த டிஸ்குகள், அப்படிப் பிழை இல்லாதவற்றை விட, அடுத்த 60 நாட்களுக்குள் செயலிழக்கிற சாத்தியம் 39 மடங்கு அதிகம் என்று கண்டார்கள். அந்த 60 நாளைத்தான் நாங்கள் போமட் அடித்துக் கழிக்கிறோம்.

பார்க்கிறது கஷ்டமான வேலை இல்லை. கொன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அமத்தினால் டாஸ்க் மெனேஜர் வரும். பெர்போமன்ஸ் பகுதியில் டிஸ்கைப் பாருங்க. நூறு வீதத்திலேயே நின்று, கீழே உள்ள ‘அவரேஜ் ரெஸ்பொன்ஸ் டைம்’ ஆயிரக்கணக்கான மில்லி செக்கனில் தொடர்ந்து நின்றால் அது நல்ல அறிகுறி இல்லை. ‘கிறிஸ்டல் டிஸ்க் இன்போ’ என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கு. நீலம் என்றால் நல்லம், மஞ்சள் என்றால் கவனம், சிவப்பு என்றால் பழுது. அதில் 05, சி5, சி6 என்ற மூன்று வரிகளும் பூச்சியமாக இருக்க வேணும். ஆனால் நீலம் என்றதும் நிம்மதியாகப் படுக்க வேணாம். அதே கூகுள் ஆய்வில், செத்துப் போன டிஸ்குகளில் பாதிக்கு மேலானவை இப்படியான முக்கிய எச்சரிக்கைகளில் ஒன்றைக் கூடக் காட்டாமலே போயிருந்தன.

மஞ்சளோ சிவப்போ கண்டால், வைரஸ் ஸ்கேன், டிபிராக், ‘செக் டிஸ்க்’ ஒன்றும் ஓட விட வேணாம். அவை முழு டிஸ்கையும் உழும். ஏற்கனவே மூச்சு வாங்குகிறவரை மலை ஏறச் சொல்கிற வேலை அது. முதலில் கொப்பி. ‘கட்’ இல்லை, ‘கொப்பி’. ஆகப் பெறுமதியானது முதலில்: படங்கள், பத்திரங்களின் ஸ்கேன், பிள்ளையின் பாட வேலை. சினிமாப் படங்கள் கடைசியில், அல்லது வேண்டாமே. விண்டோஸ் ஓட ஓட டிஸ்க் இன்னும் தேயும் என்பதால், டிஸ்கைக் கழற்றி வேறு மெஷினில் யூ.எஸ்.பி. மூலம் கொழுவி எடுப்பது மேல். விளங்கினவர்கள் லினக்ஸில் ‘டிடி ரெஸ்கியூ’ பாவிக்கலாம். அது சுகமாக வாசிக்கக் கூடிய இடங்களை முதலில் எடுத்துவிட்டு, கஷ்டமான இடங்களுக்குப் பிறகு திரும்பி வரும். பரீட்சையில் தெரிந்த கேள்விக்கு முதலில் விடை எழுதச் சொல்கிறோமே, அதே முறை.

‘டக், டக்’ என்று ஒரே தாளத்தில் சத்தம் கேட்டால் உடனே ஓப் பண்ணுங்க. அதன் பிறகு வீட்டு வைத்தியம் ஒன்றும் வேணாம். பிரிட்ஜுக்குள் வைத்தால் சரிவரும் என்று யூடியூப்பில் சொல்கிறவர்களை நம்ப வேணாம். வெளியே எடுத்ததும் உள்ளே ஈரம் பிடிக்கும்.

இனி, ஒருவரும் வாய்விட்டுக் கதைக்காத ஒரு விஷயம். “வீட்டுப் பொம்புளப் புள்ளைகள்ட படம் இரிக்கி, கடையில கொப்பி பண்ண விட ஏலா. அதுக்குத்தான் போமட் அடிக்கச் சொல்றன்” என்று என்னிடம் சொன்ன காக்காமார் பலர். அந்தப் பயத்தை நான் குறை சொல்லவில்லை. எனக்கும் மகள்மார் இருக்கு. ஆனால் அந்தப் பயத்துக்கு போமட் மருந்தே இல்லை. கடைகளில் சாதாரணமாக அடிக்கிற குவிக் போமட் ஹார்ட் டிஸ்கில் இருக்கிறதை அழிக்காது. பெயர்ப் பட்டியலை மட்டும்தான் கிழிக்கும். மேலால் வேறொன்று எழுதப்படும் வரைக்கும் உள்ளே இருப்பது இருக்கும், தெரிந்தவன் எடுக்கலாம். புது டிஸ்க் போட்டுவிட்டுப் பழையதைக் கடையிலேயே விட்டு வருகிறோமே, அதுதான் பெரிய ஆபத்து. பழைய டிஸ்கைக் கேட்டு வாங்குங்க, அது உங்கள் பொருள். கொப்பி பண்ணுவதை வீட்டில் வைத்து, குடும்பத்தில் ஒரு பிள்ளையைப் பக்கத்தில் இருத்திச் செய்யலாம். ஓ.எல். படிக்கிற பிள்ளைக்கு இது ஒரு மணித்தியாலத்தில் பழகக் கூடிய வேலை.

கடைத் தம்பிமாரை மட்டும் குறை சொல்வது நியாயம் இல்லை. அவர்களில் பலர் என்னிடம் படித்தவர்கள். மஃரிபுக்கு முதல் தா, குறைத்துச் செய் என்று நாங்கள்தான் நெருக்குகிறோம். டிஸ்கைச் சோதிக்க அரை மணித்தியாலம், அதற்கு இவ்வளவு காசு என்று அவன் சொன்னால் “சும்மா பார்க்கிறதுக்கும் காசா?” என்று கேட்கிறவர்களும் நாங்கள்தான். டொக்டர் ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்க்கிறதுக்கு காசு கொடுக்கிறோம்தானே. எனது வேண்டுகோள் இவ்வளவுதான்: மெஷினைப் பாரம் எடுக்கும்போது பில்லில் ஒரு வரி சேருங்க. ‘உள்ளே உள்ளவை வேணுமா, வேணாமா?’ பக்கத்தில் சொந்தக்காரரின் கையெழுத்து. வாயால் கேட்டால் என்னைப் போல ‘ஒண்டும் இல்ல’ என்று சொல்லிவிடுவார்கள். கையெழுத்துப் போட வேண்டி வந்தால் ஒரு நிமிஷம் யோசிப்பார்கள்.

இதை இப்ப எழுதுவதற்கு இன்னொரு காரணமும் இருக்கு. விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவை மைக்ரோசொப்ட் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு நிறுத்திவிட்டது. ‘11 போடணும்’ என்று ஊரில் வீட்டுக்கு வீடு கதை. கொரோனா காலத்தில் சூம் வகுப்புக்கென்று அவசரத்தில் வாங்கின செக்கன்ட் ஹேண்ட் லெப்டொப்கள்தான் அதிகம். வாங்கும்போதே பழைய டிஸ்க். அவையெல்லாம் இப்ப வரிசையாகக் கடைக்குப் போகுது.

ராத்தாவின் லெப்டொப்பும் அந்த வகைதான். திறந்து பார்த்தால் மஞ்சள். “உள்ளுக்கு என்ன இரிக்கி?” என்று கேட்டேன். “ஒண்டும் இல்ல சேர், புள்ளைட டியூட்தான்” என்றா. இரவு இஷாவுக்குப் பிறகு டிஸ்கைக் கழற்றி எடுக்கத் தொடங்கி, படுக்க இரண்டு மணி. 31 ஜி.பி. வந்தது, ஆறு பைல்கள் வரவே இல்லை. வந்ததில் டியூட் கொஞ்சம்தான். மிச்சம் அவவின் மூத்த மகன் கட்டாரில் இருந்து அனுப்பின வீடியோக்கள், அவவின் வாப்பா பேரப்பிள்ளைக்கு ஓதிக் கொடுக்கிற ஒன்று. வாப்பா போன வருஷம் மௌத்து. அது லெப்டொப்பில் இருக்கு என்றே அவவுக்குத் தெரியாது. மகள்தான் எப்பவோ உம்மாவின் பழைய போனில் இருந்து ஏற்றி வைத்திருக்கிறா.

இப்ப எஸ்.எஸ்.டி. போட்டிருக்கு, அரை நிமிஷத்தில் எழும்புது. எஸ்.எஸ்.டி. என்றால் சாகாது என்று நினைக்க வேணாம். அது சத்தமே போடாமல் ஒரு நாள் போகும். அதில் அழித்ததைத் திரும்ப எடுப்பது ஹார்ட் டிஸ்கை விடக் கஷ்டம். அதனால் இன்னொரு கொப்பி வெளியில் ஒரு டிஸ்கில், அவவின் தங்கச்சி வீட்டில். மிக முக்கியமானது மட்டும் கூகுள் கணக்கில். அங்கே 15 ஜி.பி. இலவசம்.

வெள்ளிக்கிழமைப் பின்னேரங்களில் அஸருக்குப் பிறகு நான் வீட்டில் இருப்பேன். எழும்பப் பிந்துகிற மெஷின் இருந்தால் கொண்டு வாங்க, பார்த்துச் சொல்றன். காசு வேணாம். ஓப் பண்ணியே கொண்டு வாங்க, சார்ஜரும் வேணும், கொப்பி எடுக்க ஒரு வெளி டிஸ்கும் வேணும்.

இன்னொரு விஷயம். பழைய பள்ளிக்கூடம், கடற்கரை வீதி, அந்தக் காலத்து ஆசிரியர்கள் இருக்கிற படம் யாருடைய வீட்டிலாவது இன்னும் இருந்தால் தயவு செய்து இன்பொக்ஸில் சொல்லுங்க. முன்பு ஒரு தரம் தந்தவர்களும்தான். நானே ஸ்கேனரோடு வீட்டுக்கு வாறன். படம் உங்கள் கையை விட்டுப் போகாது. இந்த முறை மூன்று இடத்தில் வைப்பேன்.