தனியே போய்வர ஓர் இடம்

முதியவர் ஒருவரைப் புதிதாகப் பதிவுசெய்யும்போது நாம் நிரப்பும் படிவங்கள் பெரும்பாலும் இரண்டு பழைய அளவுகோல்களின் வழிவந்தவை. குளிப்பது, உடுப்பது, உண்பது, கழிவறைக்குப் போவது என்று உடலின் அன்றாடத்தைப் பார்ப்பது 1963இல் காட்ஸ் குழுவினர் வகுத்தது. கடைக்குப் போவது, சமைப்பது, பணத்தைக் கையாள்வது, பஸ் ஏறுவது என்று அதற்கு அடுத்த படியைப் பார்ப்பது 1969இல் லோட்டனும் புரொடியும் வகுத்தது. இரண்டும் நல்ல கருவிகள். ஆனால் பஸ்ஸில் தனியே போக முடியுமா என்று கேட்கிறோமே தவிர, போவதற்கு ஓர் இடம் இருக்கிறதா என்று கேட்பதில்லை.

ஸ்காபுறோவிலும் மார்க்கத்திலும் பிராம்ரனிலும் பிள்ளைகளோடு வாழும் நம் மூத்தோரில் பலருக்கு முழங்கால் உறுதியாக இருக்கிறது, கண் தெரிகிறது, படிவத்தில் எல்லாக் கட்டத்திலும் சரி விழுகிறது. கடைசியாக எப்போது தனியே வெளியே போனீர்கள் என்று அவர்களைக் கேட்டுப்பாருங்கள். கோயிலுக்கு மகன் கூட்டிப்போனான், வைத்தியரிடம் மருமகள் கூட்டிப்போனாள், கலியாண வீட்டுக்கு எல்லோருமாகப் போனோம் என்பார்கள். இடையில் வாரக்கணக்கில் நிலக்கீழ் அறையும் சமையலறையும்தான் அவர்களின் கனடா. வந்த நாட்டில் ஒருவர் நன்றாக முதுமையடைவதற்கு மருந்தும் நல்ல சாப்பாடும் பிள்ளைகளின் பாசமும் போதாது. தன் காலால் போய்வரக்கூடிய, தன்னை முகம் தெரிந்து வரவேற்கும் ஓர் இடமாவது அவருக்கு வேண்டும் என்பதையே இந்த இதழின் வழியாக நம் துறையினர் எல்லோரிடமும் வலியுறுத்த விரும்புகிறேன்.

கிரஹாம் ரவுல்ஸ் என்ற புவியியலாளர் அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைநாட்டுச் சிற்றூர் ஒன்றின் முதியவர்களோடு ஆண்டுக்கணக்கில் பழகி 1983இல் எழுதிய கட்டுரையை இளம் சமூகப்பணியாளர்கள் தேடி வாசிக்க வேண்டும். முதியவர் தன் இடத்தோடு ஒன்றிப்போவது மூன்று வகையில் என்று அவர் கண்டார். முதலாவது உடலின் பழக்கம்: இருட்டிலும் தடுமாறாமல் நடப்பது. இரண்டாவது உறவு: அக்கம்பக்கத்தோடு உள்ள கொடுக்கல் வாங்கல். மூன்றாவது நினைவு: இந்த மூலையில் இன்னது நடந்தது என்று இடம் முழுவதும் தன் வாழ்க்கை படிந்திருப்பது.

இதை நம் மூத்தோருக்குப் பொருத்திப்பாருங்கள். மின்சாரம் இல்லாத 90களின் யாழ்ப்பாணத்தில் கிணற்றடிக்கும் அடுப்படிக்கும் இடையே வெளிச்சமில்லாமல் நடந்த கால்கள் அவை. படலை திறபடும் சத்தத்திலேயே வந்தது யார் என்று அறிந்த காதுகள் அவை. அறுபத்தெட்டு வயதில் ஒரே விமானப் பயணத்தில் இந்த மூன்றும் போய்விடுகின்றன. மூன்றாவதை எவராலும் மீட்டுக் கொடுக்க முடியாது. முதலிரண்டையும் எந்த வயதிலும் புதிதாக உண்டாக்கலாம். ஆனால் உடலின் பழக்கம் ஒரே வழியைத் தன் காலால் திரும்பத் திரும்ப நடந்தால்தான் வரும். மகனின் காரில் பக்கத்து இருக்கையில் இருந்து நூறு தடவை கடந்த தெருவும் அந்நியத் தெருதான். உறவும் அப்படியே. வாங்குவது மட்டுமே நடக்கும் இடத்தில் அது வளராது. அவர் கொடுக்கவும் ஏதாவது இருக்க வேண்டும்.

இன்னொன்றையும் நாம் கவனிப்பதில்லை. 1995 இடப்பெயர்வில் வலிகாமத்தைவிட்டு நடந்தவர்கள், பிறகு வன்னியில் ஊர் ஊராக மாறியவர்கள், தெரியாத இடத்தில் வீடு அமைப்பதில் நம்மைவிடக் கைதேர்ந்தவர்கள். யாரோ ஒருவரின் விறாந்தையில் சீலை கட்டி மறைத்து அடுப்பு மூட்டியவர்கள். அப்போது முதலில் என்ன செய்தீர்கள், யாரோடு பழகினீர்கள், எது மனதைத் தேற்றியது என்று முதல் சந்திப்பிலேயே கேளுங்கள். நம் கோப்புகளில் அந்த அனுபவம் இழப்பு என்ற தலைப்பின்கீழ் மட்டுமே பதிவாகிறது. அது ஒரு திறமையும்கூட.

எனக்குத் தெரிந்த ரீச்சர் ஒருவரைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்கிறேன். வடமராட்சியில் காலமெல்லாம் கணிதம் படிப்பித்தவர். பேரப்பிள்ளைகளைப் பார்ப்பதற்கென்று வந்தவர், பார்த்தார். பாடசாலைக்குக் கூட்டிப்போய், சோறு தீத்தி, வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்து, தமிழ் வகுப்புக்கும் அனுப்பினார். கடைசிப் பேரன் உயர்நிலைப் பாடசாலைக்குப் போன ஆண்டிலிருந்து வீட்டில் அவருக்கு வேலை இல்லை. பகலில் நித்திரை, இரவில் விழிப்பு, சாப்பாட்டில் வெறுப்பு. மனச்சோர்வு என்று மருந்து தொடங்கப்பட்டது. பேரப்பிள்ளைகளின் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுதான் நம் அப்பம்மாக்களுக்கும் அம்மம்மாக்களுக்கும் ஆபத்தான காலம் என்பதை இந்தத் துறையில் இருப்பவர்கள் அடிக்கடி காண்கிறோம். ஓய்வூதிய நாள் குறிக்கப்படாமல், பிரியாவிடை நடத்தப்படாமல், உத்தியோகம் போய்விடுகிறது.

ரீச்சரின் முழங்கால் சத்திரசிகிச்சைக்குப் பிறகு வீட்டுக்கு வந்துபோன பராமரிப்புப் பணியாளர் ஒரு தமிழ்ப் பெண். நாளும் நடக்கவேண்டும் என்று இயன்மருத்துவர் எழுதியிருந்தார். வீட்டுக்கு முன்னால் சும்மா நடப்பதற்கு ரீச்சர் மறுத்துவிட்டார். “எங்க போறதெண்டு நடக்கிறது பிள்ளை?” என்று அவர் கேட்ட கேள்வியை அந்தப் பணியாளர் கேள்வியாகவே எடுத்துக்கொண்டார். ஆறு தரிப்பிடங்களுக்கு அப்பால் நூலகக் கிளை ஒன்று இருந்தது, அங்கே ஒரு தட்டில் தமிழ்ப் புத்தகங்களும் இருந்தன. முதலில் இருவரும் ஒரே இருக்கையில் அமர்ந்து போனார்கள். பிறகு பணியாளர் பின்னிருக்கையில் அமர்ந்து, எந்தத் தரிப்பிடத்தில் இறங்குவது என்பதை ரீச்சரே பார்த்துக்கொள்ள விட்டார். அதன்பின் நூலக வாசலில் காத்திருந்தார். மூத்தோருக்கான குறைந்த கட்டணம் பிரெஸ்ரோ பயண அட்டையில் தானாக வராது, வயதுச் சான்று காட்டிப் பதிய வேண்டும். அதையும் ரீச்சரைக் கூட்டிப்போய் அவர் கையாலேயே செய்வித்தார்.

மகள் ஒத்துக்கொள்ளவில்லை. “விழுந்தா ஆர் பாக்கிறது? நான் வேலையை விட்டிட்டு ஓடி வரேலுமே?” அந்தப் பயத்தை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. முதுமையில் இடுப்பெலும்பு முறிந்தால் பலர் பழைய நடைக்குத் திரும்புவதே இல்லை. ஆனால் விழுவோம் என்ற பயத்தில் வீட்டுக்குள் இருப்பவரின் தொடைத் தசை மெலிகிறது, சமநிலை குறைகிறது, வீட்டுக்குள்ளேயே விழும் வாய்ப்புக் கூடுகிறது. இதை மகளுக்கு விளக்குவது நம் வேலை. உறைமழை நாளில் போவதில்லை, உப்புப் போட்டு வழி தெளிந்தபின் மத்தியானத்தில் போவது, சப்பாத்தில் பனிப்பிடிப்பு மாட்டுவது, போய்ச் சேர்ந்ததும் ஒரு அழைப்பு என்று மகளோடு சேர்ந்தே விதிகள் வகுக்கப்பட்டன. இப்போது நூலகத்துக்கு வரும் இன்னொரு அம்மாவுக்குக் கண் மங்கல். அவருக்குத் தமிழ்ப் பத்திரிகையின் மரண அறிவித்தல் பக்கத்தை ரீச்சர் வாசித்துக் காட்டுகிறார், ஊர் பெயர், பிள்ளைகளின் பெயர், கிரியை நடக்கும் நேரம் எல்லாவற்றோடும். ரீச்சர் வராவிட்டால் அந்த அம்மா ஏன் வரவில்லை என்று கேட்கிறார். மனச்சோர்வு மருந்தை நிறுத்திவிட்டார்கள் என்று சொல்ல வரவில்லை, மருந்து தொடர்கிறது. நித்திரை நேராகியிருக்கிறது.

தோட்டத்தால் மீண்டவர்களும் இருக்கிறார்கள். ஏப்ரலில் தயிர் டப்பாக்களில் கத்தரியும் பாகலும் முளைக்கவைத்து, மே இறுதியில் வெளியே நட்டு, ஒக்ரோபர் உறைபனிக்கு முன் முருங்கைச் சாடியை வீட்டுக்குள் இழுக்கும் ஐயாமார் இந்த நாட்டின் பருவத்தை உடலால் கற்றுக்கொண்டவர்கள். காய்த்ததைப் பக்கத்து வீட்டுச் சீனக் குடும்பத்துக்குக் கொடுப்பவர்கள் இன்னும் ஒரு படி மேலே போய்விட்டார்கள். நகரசபை நிலத்தில் தோட்டப் பாத்தி கிடைக்க விண்ணப்பிக்க உதவுவதும் பராமரிப்புத் திட்டத்தில் எழுதத் தகுந்ததே.

தனியே போய்வருவதற்குப் பணம் வேண்டும். இங்கேதான் சட்டம் நம் மூத்தோரைப் பிள்ளைகளின் கைக்குள் வைக்கிறது. கியூபெக் தவிர்ந்த மாகாணங்களில் பெற்றோரை ஸ்பொன்சர் செய்பவர் 20 ஆண்டுகளுக்கு அவர்களின் செலவுக்குப் பொறுப்பேற்று ஒப்பமிட வேண்டும். முதியோர் ஓய்வூதியம் பெற 18 வயதுக்குப்பின் குறைந்தது 10 ஆண்டுகள் கனடாவில் வாழ்ந்திருக்க வேண்டும், முழுத்தொகைக்கு 40 ஆண்டுகள். அறுபத்திரண்டில் வந்தவர் பொதுவாக எழுபத்திரண்டு வரை காத்திருந்து நாலில் ஒரு பங்கைப் பெறுவார். பெற்றோருக்கான நீண்டகால வருகை அனுமதியான சூப்பர் விசாவில் வந்தவர்களின் நிலை இதைவிட நெருக்கடி. 2022இலிருந்து ஒரு வருகையில் ஐந்து ஆண்டுகள்வரை தங்கலாம், ஆனால் ஓய்வூதியமும் இல்லை, ஒன்ராறியோவின் பொது மருத்துவக் காப்புறுதியும் இல்லை. குறைந்தது 100,000 டொலருக்குத் தனியார் காப்புறுதி பிள்ளைகள் எடுக்க வேண்டும். பழைய நோய்க்கு அந்தக் காப்புறுதி பணம் தருமா என்ற பயத்தில் நெஞ்சுவலியை வாயுக்குத்து என்று சொல்லி மறைக்கும் ஐயாக்களைத் தாதியர் நன்றாக அறிவார்கள். குடும்பத்தோடு பேசும்போது ஒன்றை வெளிப்படையாகக் கேளுங்கள்: அம்மாவின் கையில் மாதம் எவ்வளவு காசு, கணக்குக் கேட்காமல், கொடுக்கிறீர்கள்? பிள்ளைகளில் பெரும்பாலோர் கேட்டால் கொடுப்பவர்கள்தான். கேட்க வேண்டியிருப்பதே அவர்களின் பெற்றோருக்கு உறுத்துகிறது.

மறதி நோய்ப் பரிசோதனை பற்றி ஒரு வார்த்தை. 1975இலிருந்து உலகெங்கும் பயன்படும் சிறு மனநிலைப் பரிசோதனை, இது எந்தப் பருவம் என்று கேட்கிறது. டிசம்பரில் வாடைக்காற்றுக் காலம் என்று பதில் சொன்ன ஐயாவுக்குப் புள்ளி குறைக்கப்பட்டதைப் பார்த்திருக்கிறேன். எழுபது ஆண்டுகள் பழகிய நாட்காட்டியின்படி அவர் சொன்னது சரி. பலமொழிச் சூழலுக்கென்றே சிட்னியில் உருவாகி 2004இல் வெளியான ருடாஸ் அளவுகோலைக் கூடியவரை பயன்படுத்துங்கள். தேயிலை, சமையல் எண்ணெய், முட்டை, சவர்க்காரம் என்ற கடைப்பட்டியலை நினைவில் வைப்பதும், சமிக்ஞை விளக்கு இல்லாத தெருவைப் பாதுகாப்பாக எப்படிக் கடப்பீர்கள் என்று சொல்வதும் யாழ்ப்பாணத்தாருக்கும் பொருந்தும் கேள்விகள். 30க்கு 22 அல்லது அதற்குக் கீழே வந்தால் மேலே பார்க்க வேண்டும். கனசதுரம் வரையும் பகுதியில், பள்ளிக்குப் போகாதவர் தடுமாறினால் அதைக் கோப்பில் குறித்துவையுங்கள். மகளையோ பேரனையோ உரைபெயர்க்க வைக்காதீர்கள். அப்பாவின் தடுமாற்றத்தைத் தாங்கமாட்டாமல் அவர்கள் பதிலைத் திருத்திச் சொல்வார்கள்.

வந்த நாட்டின் பண்பாட்டோடு கலக்காமல் தமிழர்களோடு மட்டுமே பழகுகிறார் என்று சில அறிக்கைகளில் குறையாக எழுதப்படுகிறது. புலம்பெயர்ந்தோர் புதிய பண்பாட்டோடு பழகும் விதங்களை உளவியலாளர் ஜோன் பெரி நான்காகப் பிரித்ததைப் படித்த பழக்கம் அது. இணைந்து வாழ்வது நல்லது, ஒதுங்குவது கெட்டது என்று நாமே மதிப்பெண் போட்டுவிடுகிறோம். எழுபது வயதில் ஆங்கிலம் கற்கத் தொடங்கியவரை மனதாரப் பாராட்டுவோம். கற்காதவர் தோற்றவர் அல்ல. குடியுரிமைக்கே 55 வயதானவரிடம் மொழித் தேர்வு கேட்கப்படுவதில்லை. ரிச்மண்ட்ஹில் பிள்ளையார் கோயிலுக்குத் தானாகப் பஸ் மாறிப் போய்வரும் அம்மா, ஆங்கிலம் தெரிந்தும் வீட்டைவிட்டு இறங்காதவரைவிட இந்த நாட்டில் வேர்விட்டவர். பாதைகள் மாறும்போது அந்த வேர் அறுபடும். 2023 யூலை 24இல் ஸ்காபுறோவின் மூன்றாம் இலக்க ரயில் தடம்புரண்டு, அந்தச் சேவை அதோடு நின்றேபோனது. அதில் போய்ப் பழகிய மூத்தோருக்குப் புதிய பஸ் வழியைக் காட்டிக்கொடுத்ததாக நான் பார்த்த கோப்புகள் எதிலும் ஒரு வரி இல்லை.

இனி வரும் பத்தாண்டுகளில் நம்மிடம் வருபவர்கள் வேறு விதமானவர்கள். 1986 ஆகஸ்டில் நியூபவுண்ட்லாந்துக் கரையருகே உயிர்காப்புப் படகுகளிலிருந்து மீட்கப்பட்ட 155 தமிழ் அகதிகளில் அன்று இருபத்தைந்து வயதாக இருந்தவர் அறுபதைத் தாண்டிவிட்டார். அவர் தொழிற்சாலையிலும் உணவகத்திலும் உழைத்து, வீடு வாங்கி, ஆங்கிலத்தில் சமாளித்து வாழ்ந்தவர். அவருக்கு நம் உதவி தேவைப்படாது என்று நினைத்துவிடக் கூடாது. மறதி நோய் முற்றும்போது பின்னால் கற்ற மொழி முன்னால் நழுவிப்போவதைப் பலரிடம் காண்கிறோம். நாற்பது ஆண்டுகள் பேசிய ஆங்கிலம் போய், தாய்மொழி மட்டுமே மிஞ்சும் நாள் அவருக்கும் வரக்கூடும்.

அந்த நாளில் அவர் எங்கே இருப்பார் என்பதுதான் இப்போது என்னை அதிகம் கவலைப்படுத்துவது. ஒன்ராறியோவில் 2022இல் வந்த 7ஆம் இலக்கச் சட்டமூலத்தின்படி, வைத்தியசாலைச் சிகிச்சை இனித் தேவையில்லை என்று முடிவான ஒருவரை, தென் ஒன்ராறியோவில் 70 கிலோமீற்றர் வரை தள்ளியுள்ள, அவர் தெரிவுசெய்யாத பராமரிப்பு இல்லத்திலும் சேர்க்கலாம். மறுத்துப் படுக்கையிலேயே இருந்தால் நாளொன்றுக்கு 400 டொலர் அறவிடப்படலாம். ஸ்காபுறோவிலிருந்து அவ்வளவு தூரத்தில் தமிழ் ஒரு சொல்லும் காதில் விழாத ஊர்கள் நிறைய. சீனச் சமூகம் 1994இலேயே ஸ்காபுறோவில் யீ ஹொங் இல்லத்தைத் திறந்து, தன் முதியவர்களுக்குத் தம் மொழியும் சாப்பாடும் கிடைக்க வழிசெய்தது. நம் சமூகத்தின் பணமும் உழைப்பும் அந்த அளவு இந்தப் பக்கம் திரும்பவில்லை. திரும்ப வேண்டும் என்று கோயில் நிர்வாகங்களிடமும் ஊர்ச் சங்கங்களிடமும் சொல்லிக்கொண்டே இருப்போம்.

அதுவரை நம் கையில் இருப்பது பராமரிப்பு இல்லத் தெரிவுப் பட்டியல். நெருக்கடி நிலையில் இல்லாதவர் ஐந்து இல்லங்கள் வரை தெரிவுசெய்யலாம். வைத்தியசாலைக்குப் போனபின் அவசர அவசரமாக நிரப்பாமல், மறதி நோய் உறுதியான உடனேயே, அவர் தெளிவாகப் பேசும் நாட்களில், மகளும் மகனும் அருகில் இருக்க அவரிடமே கேளுங்கள்: எந்த இடம், ஏன், யார் வந்துபோக வேண்டும், என்ன சாப்பாடு. அவர் சொன்ன காரணங்களைச் சுருக்காமல் கோப்பில் எழுதி, திகதி போட்டு, குடும்பத்துக்கும் ஒரு பிரதி கொடுங்கள். இல்லத்தில் இடம் ஒதுக்கும் இணைப்பாளர் அவரை ஒருநாளும் நேரில் கண்டிருக்கமாட்டார். அந்த இணைப்பாளர் கையில் இருக்கப்போவது நாம் எழுதிய பக்கம் மட்டும்தான்.