நாற்சக்கர வண்டியும் நம் பிள்ளைகளும்

வேதநாராயணப் பெருமாள் கோயில் கொண்ட நாகலாபுரத்துப் பக்கம், டிராக்டர் மட்கார்டின்மேல் ஆள் அமர்ந்து செல்வதைக் கண்டு வளர்ந்தவர் நம்முள் உண்டு. மோட்டார் சைக்கிளில் மூவர் ஏறுவதும் நமக்குப் புதிதன்று. ஆஸ்திரேலியாவில் குடியேறிய நாம் அப்பழக்கத்தைப் பண்ணைக்குக் கொண்டுவரலாகாது என்பதே இம்மாத வேண்டுகோள்.

குவாட் பைக் என்னும் நாற்சக்கர வண்டி கவிழ்ந்து, அதன் அடியில் அகப்பட்டு மாண்டோர் இங்குப் பலர். அதன் இருக்கை நீண்டிருப்பது இருவர் அமர்தற்கன்று. மேட்டிலும் சரிவிலும் ஓட்டுநர் தம் உடலை முன்னும் பின்னும் பெயர்த்து வண்டியை நிலைநிறுத்துதற்கே. பின்னால் ஒருவர் அமர்ந்தால் அவ்வசைவு தடைப்படும்; வண்டி எளிதில் கவிழும்.

2021 அக்டோபர் 11 முதல் இங்கு விற்கப்படும் புதிய பண்ணை வண்டிகளில், கவிழும்போது ஓட்டுநரைக் காக்கும் சாதனம் இருத்தல் கட்டாயம். பழைய வண்டி உடையோரும் அதனைப் பொருத்திக்கொள்ளல் நன்று. ஆயினும் சாதனம் எச்சரிக்கைக்கு ஈடாகாது. தலைக்கவசம் அணிக. தனியே செல்வோர் போகும் இடத்தை வீட்டாரிடம் சொல்லிச் செல்க. 16 வயது நிரம்பாதோரிடம் பெரியோர் வண்டியைத் தராதீர். “ஒரு சுற்றுத்தானே!” என்று பிள்ளை கெஞ்சும்போது மறுப்பதே மெய்யன்பு. ஊரில் மடலுக்குக் காத்திருக்கும் முதியோர்க்கு நாம் அனுப்ப வேண்டுவது நலச்செய்தி ஒன்றே.