சுவரின் தாகம்

சுவருக்கும் காது உண்டு என்று பெரியோர்கள் எச்சரிப்பார்கள். எங்கள் நெட்டுக்குப்பத்துச் சுவர்களுக்குக் காது உண்டோ இல்லையோ, தாகம் உண்டு. ஒருபுறம் வங்கக் கடல். மறுபுறம் கொசஸ்தலை ஆற்றின் கழிமுகம். நடுவே நிற்கும் வீட்டின் செங்கல், தரையிலிருந்து ஜலத்தை இரவும் பகலும் உறிஞ்சிக்கொண்டே இருக்கிறது. உறிஞ்சிய ஜலம் வெயிலில் ஆவியாகிவிடும். அதில் கரைந்திருந்த உப்போ சுவரிலேயே தங்கிவிடும். சில மாதங்களில் சுவரின் அடிப்பாகத்தில் வெள்ளைவெளேரென்று பஞ்சுபோல ஒன்று பூக்கும். பிறகு வர்ணம் உரியும். பூச்சு பொரிந்து விழும். கடைசியில் செங்கல்லே மாவாக உதிரத் தொடங்கும்.

எங்கள் தெருவில் தனியாக வாழும் மூதாட்டி ஒருவர் பத்து வருஷத்தில் மூன்று தடவை தம் வீட்டுச் சுவருக்குச் சிமெண்டுப் பூச்சுப் போட்டுவிட்டார். மூன்று தடவையும் அது உதிர்ந்துவிட்டது. "கடல்ல போன காசுகூட என்னைக்காவது வலையில திரும்பி வரும் சார். சுவத்துல போன காசு திரும்பறதே இல்ல" என்று அவர் சொன்னபோது எனக்குப் பதில் சொல்லத் தெரியும், ஆனால் இரண்டு வார்த்தையில் சொல்ல முடியாது. ஆகையால் இந்த வாரத்துப் பத்தியை அந்தப் பதிலுக்கே ஒதுக்குகிறேன். கடலோரத்தில் பழைய வீடு வைத்துக்கொண்டிருக்கும் குடும்பங்கள் எல்லாவற்றுக்கும் இது பொது விஷயம்தான்.

முதலில் உப்பின் குணத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். மழைக்காலத்தில் சமையலறை ஜாடியில் உள்ள உப்பு கசிந்து நீர்விடுவதை எல்லா வீட்டுப் பெண்மணிகளும் அறிவார்கள். காற்றில் ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவிகிதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு காற்றிலுள்ள நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். அதற்குக் கீழே இறங்கினால் மீண்டும் படிகமாக உறையும். நம் சென்னைக் கடற்கரையில் பெரும்பாலான இரவுகளில் ஈரப்பதம் இந்த எல்லைக்கு மேலே ஏறுகிறது. நடுப்பகலில் கீழே இறங்குகிறது. ஆக, சுவருக்குள் இருக்கும் உப்பு இரவில் கரைந்து பகலில் உறைகிறது. உறையும் படிகம் செங்கல்லின் நுண்ணிய துவாரங்களுக்குள் வளர்ந்து, அவற்றின் சுவர்களை நெருக்கித் தள்ளுகிறது. ஒருநாள் நெருக்கினால் ஒன்றும் ஆகாது. ஆண்டுக்கணக்கில் தினந்தோறும் நெருக்கினால் செங்கல் என்ன செய்யும், பாவம்!

இதற்குச் சிமெண்டுப் பூச்சு மருந்தாகாதா என்று கேட்கலாம். பழைய சுண்ணாம்புக் காரைச் சுவருக்கு அது மருந்தல்ல. நோயை மறைக்கும் போர்வை. சிமெண்டு கெட்டியானது, ஈரத்தை எளிதில் வெளியே விடாது. வெளியேற வழியில்லாத ஜலம் சுவருக்குள்ளேயே மேலேறிச் செல்கிறது. முன்பு முழங்கால் உயரத்தில் இருந்த ஈரக்கறை, பூச்சுக்குப் பிறகு இடுப்பளவுக்கு உயர்ந்திருப்பதைப் பல வீடுகளில் காணலாம். உப்போ பூச்சுக்கும் செங்கல்லுக்கும் நடுவே உறைந்து, பூச்சை அப்படியே தள்ளிவிடுகிறது. விழும்போது அந்தப் பூச்சு தன்னோடு செங்கல்லின் முகத்தையும் பெயர்த்துக்கொண்டு விழுகிறது. அதுதான் பெரிய நஷ்டம்.

நம் முன்னோர்கள் வேறு விதமாகக் கட்டினார்கள். பழவேற்காடு ஏரியின் கிளிஞ்சலைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கினார்கள். கிளிஞ்சல் சுண்ணாம்பை மிக நைசாக அரைத்துப் பூசி, வழுவழுப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்துப் பளபளக்கச் செய்யும் சென்னைப் பூச்சு, பார்த்தவர்கள் சலவைக்கல் என்றே மயங்கும்படி உலகப் பிரசித்தி பெற்றிருந்தது. 1856-ஆம் ஆண்டில் ராயபுரம் ரயில் நிலையம் திறக்கப்பட்டபோது இந்தியாவில் சிமெண்டு ஆலை கிடையாது. சுவாரசியமான சமாசாரம் ஒன்று: இந்த நாட்டில் சிமெண்டு செய்ய நடந்த ஆரம்ப முயற்சிகளுள் ஒன்று 1904-ல் சென்னையிலேதான் நடந்தது; அதற்கு மூலப்பொருள் கடற்கிளிஞ்சல்! அந்த முயற்சி நிலைக்கவில்லை. 1914-ல் போர்பந்தரில் தொடங்கிய ஆலைதான் வெற்றி கண்டது. சிமெண்டு நல்ல பொருள். அதன் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் பட்டு வேஷ்டிக்குக் கோணியை ஒட்டுப்போடுவது எப்படியோ, அப்படித்தான் பழைய செங்கல்லுக்குச் சிமெண்டு பூசுவது.

இதைச் சர்க்கார் நிபுணர்களும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். 1768-ல் கட்டப்பட்ட சேப்பாக்கம் அரண்மனையின் கலச மகால் 2012 ஜனவரியில் தீப்பிடித்துச் சீரழிந்தது. பொதுப்பணித் துறையார் அதைச் சுண்ணாம்புக் காரை கொண்டே மீட்டெடுத்தார்கள். பக்கத்திலுள்ள ஹுமாயூன் மகாலையும் அவ்விதமே புதுப்பித்தார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைச் சுண்ணாம்பில் சேர்க்கும் பழைய பக்குவம் அந்த வேலைகளில் மறுபடியும் உயிர்பெற்றது.

இனி வீட்டுக்காரர் செய்ய வேண்டியதைப் பார்ப்போம். பூச்சைக் கொத்துவதற்கு முன்னால் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். சுவரின் அடியில் நீளவாக்கில், படுக்கைக் கோடுபோல ஒரு கறை இருந்தால் ஈரம் தரையிலிருந்து ஏறுகிறது. மேலிருந்து கீழாக வழிந்த கறையானால் கைப்பிடிச் சுவரையோ, மழைநீர்க் குழாயையோ சந்தேகிக்க வேண்டும். தெளிவாகத் தெரியாவிட்டால் ஒரு சாண் பிளாஸ்டிக் தாளைச் சுவரில் நான்கு பக்கமும் ஒட்டி இரண்டு நாள் விட்டுவிடுங்கள். தாளுக்குப் பின்புறம் ஈரம் கோத்திருந்தால் அது சுவரிலிருந்து வருவது. முன்புறம் கோத்திருந்தால் அறைக் காற்றிலிருந்து வருவது. பின்னதற்கு ஜன்னலைத் திறந்து வைப்பதே வைத்தியம், காசு செலவில்லை.

விரிசல்களையும் கவனியுங்கள். மயிரிழை போன்றவை பூச்சிலேயே நிற்பவை. ஜன்னல் மூலையிலிருந்து படிப்படியாகக் குறுக்கே இறங்கும் விரிசல் அஸ்திவாரத்தைப் பற்றிச் சொல்வது. அதன் குறுக்கே ஒரு சிறு கண்ணாடித் துண்டை ஒட்டித் தேதி எழுதி வையுங்கள். கண்ணாடி உடைந்தால், அல்லது விரிசல் 5 மில்லிமீட்டருக்கு மேல் அகலமானால், கொத்தனாரை அழைப்பதற்கு முன் இன்ஜினீயரை அழையுங்கள்.

வெளிப்புறத்தில் இன்னொரு விரோதி இருக்கிறது: அது நம் தெருதான். பழைய தளத்தைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டதனால் தெரு உயர்ந்து, மூன்று படி ஏறி நுழைந்த வீட்டுக்குள் இப்போது இறங்கிப் போகிறோம். சாலையைச் சுரண்டிய பிறகே புதுத் தளம் போட வேண்டும் என்று தமிழக அரசு 2021-ல் உத்தரவிட்டது. உங்கள் தெருவில் வேலை நடக்கும்போது அதை ஞாபகப்படுத்துவது குடிமக்களின் பொறுப்பு. சுவரோரத்தில் குவிந்த மண்ணை அகற்றி, தண்ணீர் சுவரைவிட்டு விலகி ஓடும்படி வாட்டம் அமைத்துவிட்டாலே பாதி நோய் தீரும்.

பிறகுதான் சுவர் வேலை. கை முட்டியால் தட்டிப் பார்த்து, பொள்ளலாக ஒலிக்கும் பூச்சை எல்லாம் பெயர்த்துவிட வேண்டும். ஈரக்கறைக்கு மேலும் ஓர் அடி உயரம் வரை பெயர்ப்பது நல்லது. பூத்த உப்பை உலர்ந்த தூரிகையால் துடைத்து முறத்தில் பிடித்துத் தூர எறியுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடியும் சுவருக்குள் போய்விடும். காகிதத்தை நல்ல தண்ணீரில் ஊறவைத்துக் கூழாக்கிச் சுவரில் அப்பி, காய்ந்ததும் உரித்தெடுத்தால் அது உள்ளே இருக்கும் உப்பையும் ஓரளவு இழுத்து வரும். இரண்டு மூன்று முறை செய்யலாம்.

உதிர்ந்த சந்துகளில் பழைய காரையைச் சுமார் ஓர் அங்குல ஆழம் சுரண்டி, சுண்ணாம்புக் கலவையால் அடைக்க வேண்டும். மாவாகிப்போன செங்கற்களை ஒரே சமயத்தில் எடுக்காமல், ஒன்றிரண்டாக எடுத்து மாற்ற வேண்டும். கடல்நீரிலேயே நிற்கும் வெனிஸ் நகரத்துக் கொத்தர்களும் இப்படித்தான் தையலைப் பிரித்துத் தைப்பதுபோலச் சுவரைப் பழுது பார்க்கிறார்கள்.

பூச்சுக்கு ஒரு பங்கு சுண்ணாம்பு, மூன்று பங்கு மணல். மணல் ஆற்று மணலாகவோ, கழுவிய எம் சாண்டாகவோ இருக்கலாம். கடல் மணல் கூடவே கூடாது. தண்ணீரிலும் எச்சரிக்கை வேண்டும். மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடியில் கடல்நீர் புகுந்திருப்பது 1969-லேயே தெரியவந்தது. ஆகவே உவர்த்த போர்வெல் நீரைக் கலவையில் ஊற்றுவது, திருடனைக் காவலுக்கு வைப்பதாகும். ஒரு தடவைக்கு அரை அங்குலத்துக்கு மிகாமல் பூசி, ஈரக் கோணியால் மூடி, ஒரு வாரமாவது காயாமல் காக்க வேண்டும். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவைக் குடித்துத்தான் மெல்ல மெல்லக் கல்லாகிறது; அவசரப்படுத்தினால் பொடியாகிவிடும். நீற்றும்போது கொதிக்கும், கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து. குழந்தைகளைத் தூர நிறுத்துங்கள். மேலே வெள்ளையடித்தால் போதும். பளபளக்கும் பிளாஸ்டிக் வர்ணம் சுவரின் மூச்சை அடைத்துவிடும்.

இந்தப் பூச்சும் ஒருநாள் உதிரும் என்பதை முன்பே சொல்லிவிடுகிறேன். அது குறையல்ல, அதன் கடமை. உப்பைத் தானே ஏற்றுக்கொண்டு, செங்கல்லைக் காப்பாற்றிவிட்டுத் தான் அழிகிறது. பூச்சை மறுபடியும் பூசலாம். சுவரை மறுபடியும் கட்ட எத்தனை குடும்பத்துக்குச் சக்தி உண்டு?

சிமெண்டுக் கல், சாம்பல் கல் வீடுகளுக்கு இந்த விதி அப்படியே பொருந்தாது. அங்கே ஒரு பங்கு சிமெண்டு, ஒரு பங்கு சுண்ணாம்பு, ஆறு பங்கு மணல் என்ற கலவை ஏற்றது. தூணும் சுவரும் சேரும் இடத்தில் விரிசல் விடாமலிருக்க வலை பதித்துப் பூச வேண்டும்; நம் காற்றில் துருப்பிடிக்கும் வெறும் கம்பி வலையைவிடக் கண்ணாடியிழை வலை மேல். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியதே, அந்தக் கறை படிந்த பூச்சு எங்கேனும் மிச்சமிருந்தால் அதன்மேல் எதையும் பூசாதீர்கள். எண்ணெய்மேல் எந்தக் கலவையும் பிடிக்காது. கறை இறங்கிய ஆழம் வரை கொத்தி எடுத்துவிட வேண்டும்.

வேலைக்கு உகந்த காலம் தை முதல் பங்குனி வரை. ஐப்பசி மழையில் தொடங்குவது வீண். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்கள் குறைந்து வருகிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் கேட்பவர் இருந்தால்தானே கற்பவர் இருப்பார்? அந்த மூதாட்டியின் வீட்டில் வருகிற தை மாதம் ஒரு சுவரை மட்டும் இம்முறையில் பூசுவதாக ஏற்பாடு. வயதான கொத்தனார் ஒருவர் இசைந்திருக்கிறார். தம்மோடு இரண்டு இளைஞர்களையும் அழைத்து வரும்படி அவரைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.