வாக்காளர் பட்டியல்: யாரிடமிருந்து யாருக்குப் பாதுகாப்பு?

தருமபுரி மாவட்டத்தில் ஊரும் காலனியும் தனித்தனியே கிடக்கும் ஓர் ஊராட்சியின் வாக்காளர் பட்டியலை எடுத்துக்கொள்வோம். முதல் பக்கத்தில் பாகம் எண், வாக்குச்சாவடி அமைந்த பள்ளியின் பெயர், அந்தப் பாகத்தில் அடங்கிய பிரிவுகளின் பெயர்கள். அடுத்தடுத்த பக்கங்களில் வாக்காளர் பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், வீட்டு எண், வயது, பாலினம், அடையாள அட்டை எண். சாதியைக் குறிக்கத் தனிக் கட்டம் ஏதும் கிடையாது. அதற்கான தேவையும் இல்லை. ‘காலனி’ என்றோ ‘ஆதிதிராவிடர் தெரு’ என்றோ அச்சாகியிருக்கும் பிரிவுத் தலைப்பு அந்த வேலையைச் செய்துவிடுகிறது. ‘காலனி’ என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்போவதாக 2025 ஏப்ரல் 29 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்க வேண்டிய அறிவிப்பு. ஆனால் பெயர் மாறிய பின்னும் தெரு அதே இடத்தில்தான் இருக்கும். அங்கே யார் வாழ்கிறார்கள் என்பது ஊருக்குத் தெரியும்.

வாக்காளர் தகவல்களின் அந்தரங்கம் குறித்து இந்தியத் தேர்தல் ஆணையம் அண்மைக் காலமாக மிகுந்த அக்கறையுடன் பேசிவருகிறது. 2018 முதல் பட்டியல்கள் எழுத்துகளாகத் தேட இயலாத படக் கோப்புகளாகவே இணையத்தில் வெளியிடப்படுகின்றன. தேடத்தக்க வடிவில் தரவேண்டும் என்று கமல்நாத் தொடுத்த வழக்கை 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. வாக்காளர்களைப் பற்றிய விவரங்கள் மொத்தமாகத் திரட்டப்படும் அபாயத்தை ஆணையம் அவ்வழக்கில் காரணமாகக் காட்டியிருந்தது. 2025 ஆகஸ்ட் 17 செய்தியாளர் சந்திப்பில் தலைமைத் தேர்தல் ஆணையர் ஞானேஷ் குமார், இயந்திரம் படிக்கத்தக்க பட்டியலை மறுப்பதற்கு உச்ச நீதிமன்றத்தையே துணைக்கு அழைத்தார். உள்ளபடி, நீதிமன்றம் அத்தகைய பட்டியலுக்குத் தடை விதிக்கவில்லை. வடிவத்தை முடிவு செய்வது ஆணையத்தின் பொறுப்பு என்று விலகி நின்றது, அவ்வளவே. வாக்குச்சாவடி ஒளிப்பதிவுகளைத் தர மறுப்பதற்கும் அதே சந்திப்பில் அவர் வீட்டுப் பெண்களின் கண்ணியத்தையே காரணமாகச் சொன்னார்.

இந்த அக்கறை யாரை மனத்தில் கொண்டு உருவானது என்பதே நம் கேள்வி. படக் கோப்பு, தொலைவிலிருந்து இலட்சக்கணக்கான பெயர்களை அள்ள நினைக்கும் நிறுவனத்தைச் சற்றே தாமதப்படுத்தும். காலனிக்கு எதிரிலுள்ள தெருவில் வசிப்பவரை அது எவ்வகையிலும் தடுக்காது. தலித் வாக்காளருக்கான ஆபத்து பெரும்பாலும் அந்த எதிர்த்தெருவிலிருந்தே வந்திருக்கிறது.

அப்படியானால் பட்டியலையே மறைத்துவிடலாமா? கூடாது. நம்மைப் பொறுத்தவரை பட்டியல் பகிரங்கமாக இருப்பதே முதல் பாதுகாப்பு. சிறப்புத் தீவிர திருத்தத்திற்குப் பின் 2025 டிசம்பர் 19 அன்று தமிழகத்தின் வரைவுப் பட்டியல் வெளியானபோது, 6.41 கோடியாக இருந்த வாக்காளர் எண்ணிக்கை 5.43 கோடியாகச் சுருங்கியிருந்தது. நீக்கப்பட்ட சுமார் 97 இலட்சம் பேரில் 66 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இடம்பெயர்ந்தவர்கள் என்று வகைப்படுத்தப்பட்டனர். பெங்களூருவின் கட்டட வேலைகளுக்குக் குடும்பத்தோடு போய்ப் பொங்கலுக்கு ஊர் திரும்பும் தருமபுரிக்காரர்களுக்கு ‘இடம்பெயர்ந்தவர்’ என்ற சொல் எவ்வளவு எளிதில் பொருந்திவிடும் என்பதை விளக்கத் தேவையில்லை. ஒரு பெயர் காணாமல் போனதைக் கண்டுபிடிக்க வேண்டுமானால் பெயர்கள் கண்ணில் பட வேண்டும். பீகாரில் நீக்கப்பட்ட சுமார் 65 இலட்சம் பெயர்களைக் காரணத்துடன், தேடத்தக்க முறையில் வெளியிடுமாறு 2025 ஆகஸ்ட் 14 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகே அங்கே விவாதம் தரையில் காலூன்றியது. அந்தரங்கத்தின் பெயரால் ஆணையம் மூடி வைக்க முயல்வது நமக்கு வெளிச்சம் தேவைப்படும் இடத்தை.

மூடப்பட வேண்டியவை வேறு. முதலாவது, பட்டியலில் அச்சாகாமல் அதன் பின்னால் சேர்ந்துகொண்டே போகும் விவரங்கள். 2025 நவம்பர் 4 முதல் வீடுவீடாக வழங்கப்பட்ட கணக்கெடுப்புப் படிவம் பிறந்த தேதி, கைபேசி எண், பெற்றோர் மற்றும் துணைவரின் பெயர்கள், அவர்களது அட்டை எண்கள், நிழற்படம் எனப் பலவற்றைக் கேட்டது. ஆதார் எண் விருப்பத்தின் பேரில் என்று குறிப்பிட்டிருந்தது. ஆனால் எழுதப் படிக்கத் தெரியாத ஒரு மூதாட்டியிடம் படிவத்தை நிரப்பித் தருபவர் ஆதார் அட்டையைக் கேட்டால், விருப்பம் என்ற சொல்லுக்கு அங்கே என்ன பொருள்? நிரப்பிய படிவங்களை ஒரு நாளைக்கு 50 வரை அரசியல் கட்சிகளின் வாக்குச்சாவடி முகவர்களே திரட்டி ஒப்படைக்கவும் ஆணையம் அனுமதித்தது. நீக்கத்தைத் தடுக்க அது பல இடங்களில் உதவியிருக்கலாம். அதே ஏற்பாட்டினால், காலனிக் குடும்பங்களின் கைபேசி எண்களும் உறவுமுறைகளும் ஊர்த்தெருவைச் சேர்ந்த கட்சிக்காரர் ஒருவரின் பையில் சில நாள் தங்கிச் செல்லவும் வழி ஏற்பட்டது.

இப்படிக் கைமாறும் விவரங்கள் எங்கே போய்ச் சேரும் என்பதற்கு அக்கம்பக்கத்திலேயே சான்றுகள் உண்டு. 2021 புதுச்சேரி சட்டமன்றத் தேர்தலின்போது, ஆதாருடன் இணைத்த கைபேசி எண்களுக்கு மட்டும் ஒரு கட்சியின் பிரச்சாரக் குறுஞ்செய்திகள் வந்ததாகச் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடரப்பட்டது; நீதிமன்றம் அதைத் தீவிரமாக எடுத்துக்கொண்டு விசாரணை கோரியது. 2022 நவம்பரில் பெங்களூருவில், வாக்காளர் விழிப்புணர்வுக்கு அனுமதி பெற்ற ‘சிலுமே’ என்ற அறக்கட்டளையின் ஆட்கள் வாக்குச்சாவடி நிலை அலுவலர்களைப் போல வேடமிட்டு வீடுவீடாகச் சென்று தகவல் திரட்டியதாகக் குற்றச்சாட்டு எழுந்தது. திரட்டப்பட்டதாகச் சொல்லப்பட்ட விவரங்களில் சாதியும் ஒன்று.

சட்டம் இங்கே என்ன தருகிறது? ஆதாரைப் பட்டியலுடன் இணைக்க வழிசெய்த 2021 திருத்தச் சட்டத்தின் பின்னணியில், ஆதார் எண்கள் வெளியில் கசியக்கூடாது, தாள் படிவங்கள் இரட்டைப் பூட்டில் இருக்க வேண்டும் என்று ஆணையம் 2022இல் அறிவுறுத்தியது. ஆனால் அறிவுறுத்தலை மீறினால் வாக்காளர் நேரடியாக நீதிமன்றம் செல்ல அது உரிமை தருவதில்லை. 1950ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 32ஆம் பிரிவு, பட்டியல் தயாரிப்பில் கடமை தவறும் அலுவலருக்கு 3 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறை என்கிறது. பெயரைச் சேர்ப்பதிலும் நீக்குவதிலும் நிகழும் தவறுகளையே அது குறிவைக்கிறது. விவரத்தைக் கசியவிடுவதைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, சட்டக் கடமையின்படி பகிரங்கமாக்கப்பட்ட தகவல்களைத் தன் எல்லைக்கு வெளியே நிறுத்திவிட்டது. வாக்காளர் பட்டியல் அந்த வகையைச் சேர்ந்தது. பட்டியலில் வராத கைபேசி எண், ஆதார் எண் போன்றவற்றுக்கு அச்சட்டம் பொருந்தும் என்று வாதிடலாம். அதிலும் தாளில் எழுதி டிஜிட்டல் வடிவத்துக்கு மாறாத படிவம் சேராது. 2025 நவம்பரில் விதிகள் அறிவிக்கப்பட்டாலும், முதன்மையான கடமைகள் அமலுக்கு வர அப்போதிலிருந்து 18 மாத அவகாசம் தரப்பட்டது.

இரண்டாவது, முகவரி. எல்லோருடைய முகவரியும் அல்ல. மறைந்து வாழ வேண்டிய நிலையில் இருப்பவர்களின் முகவரி. 2012 நவம்பர் 7 அன்று நத்தம், அண்ணாநகர், கொண்டம்பட்டி காலனிகளில் 250க்கும் மேற்பட்ட வீடுகள் எரிக்கப்பட்டது ஒரு சாதி மறுப்புத் திருமணத்தை முன்வைத்து என்பதும், 2013 ஜூலை 4 அன்று இளவரசனின் உடல் தருமபுரி இரயில் பாதையருகே கிடந்ததும் இந்த மாவட்டம் மறக்கக்கூடியவை அல்ல. அப்படி மணந்த ஒரு பெண் வேறு மாவட்டத்தில் குடியேறி, 8ஆம் படிவம் வழியாகத் தன் வாக்கை மாற்றிக்கொள்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவளது அடையாள அட்டை எண் மாறுவதில்லை. அந்த எண் சொந்த ஊரின் பழைய பட்டியலில் அச்சாகியிருக்கிறது. அதை ஆணையத்தின் தேடல் பக்கத்தில் உள்ளிட்டால் புதிய தொகுதி, பாகம், வாக்குச்சாவடி, வரிசை எண் ஆகியவை சில நொடிகளில் வந்துவிடும். அந்தப் பாகத்தின் பட்டியலைத் திறந்தால் வீட்டு எண்ணும் கணவர் பெயரும் கிடைக்கும். படக் கோப்பாக இருந்தாலென்ன, தேடுபவருக்கு வேண்டியது ஒரே ஒரு வரிதான்.

சக்தி வாஹினி வழக்கில் 2018 மார்ச் 27 அன்று, இத்தகைய இணையருக்கு மாவட்டந்தோறும் பாதுகாப்பு இல்லங்கள் அமைப்பது குறித்து உச்ச நீதிமன்றம் அரசுகளுக்கு வழிகாட்டியது. அந்த இல்லத்தில் தங்கியிருப்பவர் தன் வாக்கை எப்படிப் பதிவு செய்வது என்று தேர்தல் சட்டம் யோசித்ததில்லை. பதிவு செய்யாமல் இருப்பதே பாதுகாப்பு என்றால், உயிருக்கு அஞ்சி வாழ்பவர் வாக்குரிமையையும் இழக்கிறார். பிரிட்டனில் ஆபத்தில் இருப்பவர் நீதிமன்ற ஆணையையோ தகுதியுள்ள அலுவலரின் சான்றையோ காட்டிப் பெயரின்றிப் பதிவு செய்யலாம். பட்டியலில் ஓர் எண்ணும் ‘என்’ என்ற ஆங்கில எழுத்தும் மட்டுமே இருக்கும். குடும்ப வன்முறையிலிருந்து தப்பியவர்களுக்காக 2018இல் அந்த நிபந்தனைகள் தளர்த்தப்பட்டன. இங்கே 1960ஆம் ஆண்டின் வாக்காளர் பதிவு விதிகளில் ஒரு புதிய விதியைச் சேர்த்தால் போதும். அதை ஒன்றிய அரசு ஆணையத்தைக் கலந்து செய்ய முடியும். நாடாளுமன்றத்தில் புதிய சட்டம் தேவையில்லை.

மூன்றாவதுதான் மிகப் பெரியது. அது குறித்துத்தான் மிகக் குறைவாகப் பேசப்படுகிறது. வாக்கின் இரகசியம் தனி மனிதருக்கு உண்டு, தெருவுக்கு இல்லை. வாக்குச்சீட்டுக் காலத்தில் பல வாக்குச்சாவடிகளின் சீட்டுகளை ஒன்றாகக் கலந்து எண்ணுவதற்கு, தேர்தல் நடத்தை விதிகளின் 59ஏ விதி வழிவகுத்திருந்தது. குறிப்பிட்ட ஊர் யாருக்கு வாக்களித்தது என்று தெரிந்தால் பழிவாங்கல் நடக்கும் என்ற அச்சமே அதன் அடிப்படை. மின்னணு இயந்திரம் வந்ததும் அந்தத் திரை விலகியது. ஒவ்வொரு சாவடியிலும் ஒவ்வொரு வேட்பாளரும் பெற்ற வாக்குகள் 20ஆம் படிவத்தில் பதிவாகி இணையத்திலும் கிடைக்கின்றன. காலனிக்கென்று தனிச் சாவடி அமைந்த இடத்தில், அந்தப் படிவம் ஒரு சாதியின் வாக்குச்சீட்டைத் திறந்து காட்டுவதற்கு ஒப்பானது. பட்டியலின் பிரிவுத் தலைப்பையும் அந்தப் படிவத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தால் போதும்.

இந்த ஆபத்தைச் சட்டம் அறியாததல்ல. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015 திருத்தத்தின்படி அமைந்த 3(1) பிரிவு, குறிப்பிட்ட வேட்பாளருக்கு வாக்களித்ததற்காகவோ வாக்களிக்காததற்காகவோ ஒருவர் மீது குற்றம் இழைப்பதையும், தேர்தலுக்குப் பின் சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பு விதிப்பதையும் வன்கொடுமை என்கிறது. பழிவாங்குபவருக்குத் தண்டனை உண்டு. பழிவாங்குவதற்கான தகவலையோ அரசே அச்சிட்டுத் தருகிறது. 2019 ஏப்ரல் 18 வாக்குப்பதிவு நாளில் பொன்பரப்பியில் தலித் வீடுகள் தாக்கப்பட்டன. அதே தேர்தலில் தருமபுரித் தொகுதிக்குட்பட்ட பாப்பிரெட்டிப்பட்டிப் பகுதியில் 8 வாக்குச்சாவடிகளுக்கு மே 19 அன்று மறுவாக்குப்பதிவு நடத்த நேர்ந்தது. வாக்குச்சாவடியின் மீது பிடி இருந்தால்தான் ஊரில் பிடி இருக்கும் என்று கருதும் அரசியல், சாவடிவாரி முடிவை எப்படிப் படிக்கும் என்பதை ஊகிப்பது கடினமன்று.

தீர்வும் புதிதல்ல. 14 இயந்திரங்களை இணைத்து மொத்த வாக்குகளை மட்டும் காட்டும் ‘டோட்டலைசர்’ கருவியைப் பயன்படுத்த 2008இலேயே ஆணையம் பரிந்துரைத்தது. 2015இல் சட்ட ஆணையத்தின் 255ஆவது அறிக்கை அதை ஆதரித்தது. ஒன்றிய அரசு உச்ச நீதிமன்றத்தில் எதிர்த்தது. எந்தப் பகுதியில் தாம் நன்றாகச் செயல்பட்டோம் என்பதை அறிய சாவடிவாரி முடிவு உதவும் என்பது அந்தத் தரப்பின் வாதம். எந்தப் பகுதி தமக்கு வாக்களிக்கவில்லை என்பதை அறியவும் அதுவே உதவுகிறது. சாலையும் குடிநீரும் அதற்கேற்ப வந்து சேர்வதைக் காலனிகள் அறியும்.

இதில் நமக்குள்ளேயே ஒரு தயக்கம் உண்டு. வாக்குத் திருட்டுக் குற்றச்சாட்டுகள் எழும் காலத்தில் சாவடிவாரிக் கணக்கை விட்டுக்கொடுப்பது, சரிபார்க்கும் கருவியொன்றைக் கைவிடுவதாகாதா? ஒரு சாவடியில் மொத்தம் எத்தனை வாக்குகள் பதிவாயின என்பதற்கான 17சி படிவம் முகவர்களிடம் இருக்கும். கூட்டுத்தொகையை அதைக் கொண்டு சரிபார்க்கலாம். ஐயமுள்ள இடத்தில் நீதிமன்றம் தனி இயந்திரத்தைத் திறக்க உத்தரவிடவும் விதி செய்யலாம். வெளிப்படையாக இருக்க வேண்டியது எத்தனை பேர் வாக்களித்தார்கள் என்ற கணக்கு. காலனி யாருக்கு வாக்களித்தது என்பது காலனியோடு இருக்க வேண்டும். ஆணையத்தின் 2008 பரிந்துரை 17 ஆண்டுகளைக் கடந்தும் ஏட்டில்தான் இருக்கிறது. சட்டமன்றத் தேர்தலின் வாக்குகள் எண்ணப்பட்ட பின், பாலக்கோடு, பென்னாகரம், தருமபுரி, பாப்பிரெட்டிப்பட்டி, அரூர் ஆகிய ஐந்து தொகுதிகளின் 20ஆம் படிவங்களும் சாவடி சாவடியாகவே வெளியாவதே வழக்கம்.