ஜிட்டர் பூச்சாண்டி



"சார், ஜிட்டரைக் குறைக்கிற யூஎஸ்பி கேபிளாம். 30,000 ரூபாய், மாசத் தவணையும் உண்டாம். வாங்கலாமா?" என்று பழைய மாணவர் ஒருவர் கேட்டிருக்கிறார். எல்லாருக்கும் உதவட்டும் என்று இங்கேயே பதில் எழுதுகிறேன். வாங்காதே தம்பி.

ஜிட்டர் என்பது பொய்யில்லை. சிடியில் ஒரு நொடி ஓசை, ஒவ்வொரு பக்கத்துக்கும் 44,100 எண்களாக இருக்கிறது. டிஏசி அவற்றை ஒரு கடிகாரத் துடிப்புக்கு ஏற்ப, சுமார் 22.7 மைக்ரோ நொடிக்கு ஒன்றாக ஓசையாக்குகிறது. துடிப்பு முந்தினாலோ பிந்தினாலோ, சரியான எண் தவறான நேரத்தில் விழும். அதுதான் ஜிட்டர்.

அமிர்தி ஓடையில் கோடையில் நீர்மட்டத்தை ஒரு நிமிடம் தள்ளி அளந்தாலும் அதே அளவுதான். மழைவெள்ளத்தில் அந்த ஒரு நிமிடத்தில் அளவே மாறிவிடும். அதுபோல, வேகமாக அதிரும் ஓசையில்தான் ஜிட்டர் அதிகம் கெடுக்கும். 20,000 ஹெர்ட்ஸ் ஓசை முழு வலிமையில் வந்தால், 16 பிட்டில் பிழை அரைப்படிக்குள் அடங்க, கடிகாரம் சுமார் 120 பிகோ நொடிக்கு மேல் பிசகக் கூடாது. வியாபாரி இந்த எண்ணைக் காட்டித்தான் மிரட்டுகிறார்.

அவர் சொல்லாதது இது: பாட்டில் அந்த ஓசை அவ்வளவு வலிமையில் வருவதில்லை. 2005இல் ஜப்பானில் அஷிஹாரா குழுவினர் சோதித்தபோது, பயிற்சி பெற்ற காதுகளே ஜிட்டரை உணரப் பல நூறு நானோ நொடிகள் தேவைப்பட்டன. ஒரு நானோ என்பது 1,000 பிகோ. கணக்கு நீங்களே போடுங்கள்.

கேபிளுக்கு வருவோம். பழைய எஸ்பிடிஐஎஃப் இணைப்பில், வரும் தகவலிலிருந்தே டிஏசி கடிகாரத்தைப் பிரித்தெடுக்க வேண்டும். அங்கே கேபிளைக் குறை சொன்னதில் நியாயம் இருந்தது. இன்றைய யூஎஸ்பி டிஏசிகள் பெரும்பாலும் தம் சொந்தக் கடிகாரத்தில் ஓடுபவை. கணினியிடம் வேண்டிய அளவு கேட்டு வாங்கி, நினைவகத்தில் நிரப்பி, தம் துடிப்பில் எடுத்துக்கொள்கின்றன. மோட்டார் விட்டுவிட்டு ஓடினாலும், மேல்நிலைத் தொட்டி நிறைந்திருந்தால் குழாயில் தண்ணீர் சீராகத்தானே வரும்? மோட்டார் பைப்புக்குத் தங்கமுலாம் எதற்கு?

அடுத்தது "அணுக் கடிகாரம்". நாள்கணக்கில் நேரம் பிசகாதது அதன் பெருமை. ஜிட்டரோ துடிப்புக்குத் துடிப்பு வரும் தடுமாற்றம். இரண்டும் வேறு. சாதாரணக் கிரிஸ்டல் பத்து லட்சத்தில் 50 பங்கு வேகமாக ஓடினாலும், 5 நிமிடப் பாட்டு 15 மில்லி நொடி முன்னதாக முடியும். அவ்வளவுதான்.

இன்னும் சந்தேகமா? வீட்டில் ஒருவர் உங்களுக்குத் தெரியாமல் கேபிளை மாற்றட்டும். 10 முறை கேளுங்கள். குத்துமதிப்பாகச் சொல்லி 9 அல்லது அதற்கு மேல் சரியாக வர நூற்றில் ஒரு வாய்ப்புதான். அப்படி யாராவது சொன்னால் இங்கே எழுதுங்கள், பேசுவோம்.

தம்பி, அந்தப் பணத்தை நல்ல ஸ்பீக்கருக்குப் போடு. வித்தியாசம் உன் அம்மாவுக்கே கேட்கும்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்,
அமிர்தி